பச்சை மூங்கில் இரண்டு

மூங்கில் மரம் இல்லை, புல் என்று விவசாய ஆபீசர் சொன்னார். புல்லுக்கு எதற்கு இவ்வளவு உயரம் என்று கேட்டேன். அவர் என்னை விட்டுவிட்டு என் வீட்டுக்காரரைப் பார்த்து விரலை மடக்கினார். தக்காளிக்குக் கொம்பு ஆகும், ஏணி ஆகும், ஊதுவத்திக் குச்சி ஆகும், குருத்தை ஊறுகாய் போடலாம், இலையை மாடு தின்னும், மண் அரிக்காது. ஒரு தடவை நட்டால் நாற்பது வருஷம் வெட்டலாம். பாடை என்ற சொல் மட்டும் அந்த மனிதர் வாயில் வரவில்லை.

என் பெயர் சுலோசனா. குப்பம் டவுனிலிருந்து எங்கள் ஊருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். வீட்டுக்காரர் வேங்கடாசலம் மாமரங்களை எடுத்துவிட்டு ஓர் ஏக்கரில் மூங்கில் வைத்தார். பக்கத்து நிலத்து சம்பத், நிழல் விழுந்து தன் தக்காளி காய்க்கவில்லை என்று எம்.ஆர்.ஓ. என்கிற தாசில்தார் ஆபீசில் மனு கொடுத்தான். அன்றோடு பேச்சு நின்றது.

நாலாம் வருஷம் வெட்ட ஆரம்பித்தோம். கொம்புக்கு ஆள் வந்தார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் ஊரில் சாவு விழுந்தாலும் எங்கள் வாசல்தான். முன்பெல்லாம் காட்டுக்குப் போய் ஃபாரஸ்ட் கார்டைக் கெஞ்ச வேண்டும். இப்போது பச்சை மூங்கில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பாடைக்கு என்றால் விலை பேசுவதில்லை. வருகிறவர் விடியலில் வாய் திறக்காமல் கேட் பக்கம் நிற்பார். இவர் கத்தியோடு போய், நீளமாக இரண்டு வெட்டிக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வார். வந்தவர் வரேன் என்று சொல்ல மாட்டார், இவரும் வா என்று சொல்ல மாட்டார்.

இதில் பாழாய்ப்போனது என் வீட்டுக்காரர்தான். முன்பு எந்தக் கல்யாணத்துக்கும் பந்தக்கால் நட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரர். பாடைக்கு வெட்ட ஆரம்பித்தபின் ஒருவரும் கூப்பிடவில்லை. எதிர்வீட்டு அண்ணாதுரைக்குக் காய்ச்சல் என்று பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனார். "எனக்கு ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் கீறேன்" என்று போர்வையை உதறிவிட்டு அண்ணாதுரை மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். டாக்டர் ஊசி போட்டும் எழாத மனிதர்.

மனுஷர் முகம் பார்க்காமல் இருக்க முடியாதவர் அவர். மெல்ல மெல்ல வெளியே போவதை நிறுத்தினார். வீட்டிலும் "போய்ட்டு வரேன்" என்று சொல்வது நின்றது. பேசாமல் எழுந்து நிலத்துக்குப் போவார். ஒருநாள் நானே சொல்லிவிட்டேன்.

"பிடுங்கிப் போடுங்க அந்தச் சனியனை."

"பிடுங்குனா மட்டும் போயிடுமாடி? புல்லாச்சே" என்றார்.

இந்த வைகாசியில் சம்பத் மகள் ரக்ஷிதாவுக்குக் கல்யாணம். எல்லா வீட்டுக்கும் பத்திரிகை போனது, எங்கள் வீட்டைத் தவிர. பத்திரிகையில் மூங்கில்போல் சுற்றம் சூழ என்று அச்சடிப்பார்கள். மூங்கில் வைத்தவனுக்குப் பத்திரிகை வைக்க மாட்டார்கள்.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், விடிந்தும் விடியாத நேரத்தில், சம்பத் கேட் பக்கம் வந்து நின்றான். வாய் திறக்கவில்லை. அவன் அம்மா மாசக்கணக்காகப் படுக்கையில் இருந்தது ஊருக்கே தெரியும். ஐயோ, கல்யாணம் நின்றுபோச்சே என்று எனக்குப் பதறியது. இவர் கத்தியை எடுத்தார். இரண்டு வெட்டினார், போட்டார், திரும்பிக்கொண்டார்.

சம்பத் அசையவில்லை.

"அண்ணா, ஒண்ணு போதும்."

"ஒண்ண வச்சு எப்படிடா கட்டுவ?" இவர் திரும்பாமலே கேட்டார்.

"கட்ட இல்லண்ணா, நட. பந்தக்கால்."

"அட பாவி! வந்ததும் சொல்றதுக்கு இன்னா, வாயில கொழுக்கட்டையா?" என்று நான் கத்தினேன்.

"மனு குடுத்த மூஞ்சிய வச்சுக்கினு எப்படிக்கா கேக்கறது? அம்மாதான் சண்டை போட்டு அனுப்புச்சு. எனக்கு எப்படியும் வேங்கடாசலம்தான் வெட்டப் போறான், அதுக்கு முன்னால அவன் கையால நல்லது ஒண்ணு பாத்துட்டுப் போறேன்னு சொல்லுது. நீதாண்ணா வந்து நடணும்."

இவர் கத்தியைத் திரும்ப எடுத்தார். கீழே கிடந்த இரண்டையும் தொடாமல் தாண்டிப் போனார். கிழக்கு ஓரத்தில் ஒவ்வொரு மூங்கிலாக அண்ணாந்து பார்த்து, நுனி இலை கலையாமல் ஒன்றை வெட்டி வந்தார். குளித்தார். கல்யாணத்துக்கென்று மடித்து வைத்திருந்த வேட்டியைக் கேட்டார். இரண்டு வருஷமாக அது பெட்டியில்தான் இருந்தது. மூங்கிலுக்கு நான் மஞ்சள் பூசிக் கொடுத்தேன்.

முன்னால் சம்பத்தும் பின்னால் இவருமாகத் தோளில் தூக்கினார்கள். கேட் தாண்டுமுன் நின்று திரும்பினார்.

"போய்ட்டு வரேன், சுலோசனா."

தலையை மட்டும் ஆட்டினேன்.

வெட்டிப் போட்ட இரண்டும் வாசலிலேயே கிடந்தன. கிடந்தால் யாராவது வந்து நிற்பார்கள். அவர் வருவதற்குள் இரண்டையும் பிளந்து கொல்லையில் இருந்த தக்காளிக்குக் கொம்பு நட்டுவிட்டேன்.