சர்வருக்குக் கணப்பு

சர்வர் டவுன் என்றால் என்னவென்று எங்கள் சோலூர்ப் பக்கம் கைக்குழந்தைக்கும் தெரியும். போன காரியம் நடக்காது, வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போ என்று அர்த்தம். அந்தச் சர்வர் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கும், ஒருத்தரும் பார்த்ததில்லை.

அன்றைக்கு அப்படிப் போக முடியாது. பறித்த தேயிலை சாக்கிலேயே கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். பொழுதுக்குள் ஃபேக்டரிக்காரன் எடுத்தாக வேண்டும். விலை அதலபாதாளத்தில் கிடந்த வருஷம் அது. எனக்கு இருப்பது ஒரு ஏக்கர். அந்த இலைதான் எங்கள் சோறு.

ஃபேக்டரியின் எடை ஷெட்டில் கிளார்க் கருணாகரன் கம்ப்யூட்டரைத் தட்டிக்கூடப் பார்க்காமல் சொன்னான். "சர்வர் டவுனுங்கக்கா. பில்லு வராது."

பக்கத்துத் தோட்டத்து நஞ்சப்பன் நல்ல மனுஷன். "மஞ்சு எறங்கி ஈரம் பூந்திருக்குமுங்க" என்று தன் போர்வையைக் கழற்றிக் கம்ப்யூட்டருக்குப் போர்த்தினான். டீக்கடைக்கு ஓடிக் கணப்புச் சட்டியை நெருப்போடு வாங்கி வந்து அடியில் வைத்தான். கருணாகரன் தடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அதில் காலைக் காட்டிக் குளிர்காய்ந்தான்! சீ, என்ன பிறவியோ.

மத்தியானம் முதலாளியின் மச்சான் ஜீப் இலை மூட்டைகளோடு வந்தது. கருணாகரன் அதே தராசில் எடை போட்டான். பில் சரசரவென்று வந்தது.

"எந்திரிச்சிருச்சா உன்ற சர்வரு?" என்றேன்.

அவனுக்குக் கூச்சமே இல்லை. "டீத்தூளு விக்காம குடோன்ல கெடக்குதுங்கக்கா. வெளியாளுக இலை வேண்டாம்னு முதலாளி சொல்லிப்போட்டாரு. அதையச் சொன்னா ஃபேக்டரி கேட்டுல மறிச்சு உக்காந்துக்குவீங்க. சர்வருன்னா ஒருத்தரும் சண்டைக்கு வாரதில்லீங்க."

சாக்கைத் தூக்கி அவன் மேஜை மேலேயே கவிழ்த்தேன். வெந்த இலை ஆவியோடு சரிந்து நாறியது. "தின்னு! உன்ற முதலாளிக்கும் ஊட்டு!"

சாக்கோடு காத்து நின்ற எல்லோரும் கூடச் சேர்ந்து கத்துவார்கள் என்று நினைத்தேன். நஞ்சப்பன் என் கையைப் பிடித்தான். "வேண்டாமுங்கக்கா. நாளைக்கும் இவருகிட்டத்தானுங்க வரோணும்." சொல்லிக்கொண்டே மேஜையிலிருந்த இலையைச் சாக்கில் அள்ளிப் போட ஆரம்பித்தான்.

கருணாகரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "கீழயும் கெடக்குது பாருங்க" என்றான்.

தூ என்று துப்பத்தான் வாயெடுத்தேன். விழுங்கிக்கொண்டு, அவன் காலடியில் குனிந்து பொறுக்கினேன்.