லிஃப்ட் குழித் தண்ணீர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் அரிகிருஷ்ணன் கட்டிக்கொண்டிருந்த மூன்று மாடிக் கட்டடத்துக்குக் கொசு ஒழிப்புப் பணியாளர் செல்வமேரி காலையிலேயே வந்துவிட்டாள். லிஃப்டுக்காகத் தோண்டிச் சிமெண்ட் பூசியிருந்த குழியில் மழைத் தண்ணீர் இடுப்பளவு நின்றது.

“சார், ஒரு நிமிஷம் பாத்துட்டு மருந்து ஊத்திட்டுப் போயிடறேன். மூணு வாரமா நிக்குது.”

அரிகிருஷ்ணன் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை. “குடியே வராத பில்டிங்மா. கொசு யாரைக் கடிக்கப்போவுது? அது சுத்தமான மழைத்தண்ணி. மொதல்ல சாக்கடையைப் போய்ப் பாருங்க.”

“சுத்தமான தண்ணியிலதான் சார் டெங்கு கொசு முட்டையிடும்.”

“அப்புறம் பாக்கலாம், போங்க.”

அதன்பின் இரண்டு தடவை வந்தாள். கேட்டைத் திறக்க வேண்டாம் என்று வாட்ச்மேனிடம் அவர் சொல்லிவைத்திருந்தார். கடைசித் தடவை வாட்ச்மேனிடம் தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழிந்தது. கட்டடத்துக்கு எதிர் வீட்டு ஆட்டோ ஓட்டுநர் ஜெபகுமாரின் மகள் சினேகா, கல்லூரிக்குக் கிளம்பியவள், வாசலிலேயே மயங்கி விழுந்தாள். நான்கு நாளாக அடித்த காய்ச்சல் முந்தின நாள்தான் விட்டிருந்தது. ஜெபகுமார் சவாரியாக வண்டலூர் பக்கம் போயிருந்தான். அவள் அம்மா போட்ட கூச்சலில் அரிகிருஷ்ணன் ஓடிவந்து, இருவரையும் தன் காரில் ஏற்றிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் பறந்தார்.

விலாசம் எழுதிய நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். “அதே தெருவா? இந்த வாரம் இது ஏழாவது டெங்கு கேஸ் சார்.”

காய்ச்சல் வார்டுக்குள் நுழைந்தார். ஒரு கொசுவலைக்குள் பால்காரர் சேட்டு. பக்கத்துக் கட்டிலில் கோடி வீட்டு இரட்டைப் பிள்ளைகள். அத்தனையும் தெரிந்த முகங்கள். எல்லாரும் அவர் கட்டடத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள்.

சேட்டு எழுந்து உட்காரப் பார்த்தார். “எங்களப் பாக்கவா வந்தீங்கண்ணா? பெரிய மனசு உங்களுக்கு. ஜெயவேலுதான் பாவம், காத்தால செத்துப் போய்ட்டான்.”

அவர் கட்டடச் சுவரோரம் இஸ்திரி வண்டி போட்டிருந்தவன் ஜெயவேலு. ஐந்து நாளாக அந்த வண்டி தார்ப்பாய் மூடிக் கிடந்ததை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கட்டடத்துக்குத் திரும்பியதும் செல்வமேரிக்குப் போன் போட்டார். அவள் வந்து கரண்டியில் மொண்ட தண்ணீரில் புழுக்கள் துள்ளித் துள்ளி நெளிந்தன.

“ஒரு கரண்டியிலயே முப்பது இருக்கும் சார்.”

அவர் மோட்டார் வைத்து இறைத்துக் குழி காயும் வரை அங்கேயே நின்றார்.

மாலையில் மருத்துவமனைக்குப் போனபோது சினேகா கண் விழித்திருந்தாள். இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஜெபகுமார் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“கர்த்தர்தான் உங்கள அனுப்சாரு சார். நீங்க இல்லாங்காட்டி எம்பொண்ணு இன்னா ஆயிருக்கும்!”

“அப்படிச் சொல்லாதே ஜெபகுமார். அந்தக் கொசு என் லிஃப்ட் குழியில வளந்தது. அந்தம்மா மூணு தரம் வந்து கேட்டாங்க. நான் உள்ள வுடல.”

ஜெபகுமாரின் பிடி தளர்ந்தது. மகளின் போர்வையை இழுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான்.

“என்னாண்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? ஜெயவேலு பொண்டாட்டியாண்ட போய்ச் சொல்லுங்க. அப்பால கட்டடம் கட்டுற ஒவ்வொருத்தராண்டயும் சொல்லுங்க. குழி உங்க சொந்தம்தான், தண்ணியும் உங்க சொந்தம்தான். ஆனா அதுல பொறக்குற கொசு ஊருக்கே பொது சார். அவங்கவங்க எடத்துல நிக்கிற தண்ணிய அவங்கவங்களே எறைச்சு ஊத்தினாத்தான் ஊர்ப் புள்ளைங்க பொழைக்கும்.”