குதிரைப் பட்டாளத்துப் பிள்ளை

குதிரை மோனா வண்டியில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதைக் கொண்டுபோக வந்த பண்ணைக்காரர் கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் அதைப் பராமரித்த தேனுஜாதான் போய் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்து, "வா செல்லம், வா" என்றாள். அந்தக் குதிரைக்குக் கட்டளை எல்லாம் ஜெர்மனில். கெஞ்சல் மட்டும் தமிழில். சட்டென்று ஏறிவிட்டது. தன்னை நம்பி ஏறியதுதான் தேனுஜாவுக்குத் தாங்கவில்லை.

ஜெர்மனியில் மலையடிவாரத்து ராணுவ முகாம் ஒன்றில், வாகனம் போகமுடியாத பாதைகளில் சாப்பாடும் மருந்தும் சுமக்கிற குதிரைப் பிரிவு அவளுடையது. இனி இல்லை. ஐரோப்பாவின் கிழக்கே சண்டை ஓயவில்லை, மேலிடத்தில் முடிவெடுத்துவிட்டார்கள். பிரிவை அப்படியே பீரங்கிப் படையாக மாற்றுகிறார்கள்.

"நமக்கு இது புதிதல்ல," என்று தளபதி எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசினார். "உலகப் போருக்கு முன்னாலும் இதே முகாமில் இதுதான் நடந்தது. குதிரைவீரர்களிடம் ஈட்டியை வாங்கிக்கொண்டு பீரங்கியைக் கொடுத்தார்கள்."

பக்கத்தில் நின்ற சக வீராங்கனை லாரா முணுமுணுத்தாள். "அவர்களுக்குப் பீரங்கியை இழுக்கவாவது குதிரையை விட்டுவைத்தார்கள்."

தேனுஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தாள்.

தேனுஜா ராணுவத்தில் சேர்ந்தபோது அம்மா பிறேமா ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "ஆமியோ? எங்கட வீட்டிலயோ?" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் மோனாவின் படம்தான் அவளை இளக்கியது. "சாமான் சுமக்கிற குதிரைதானே? சுடுறேல்லையே?" என்று கேட்டாள். "சுடுறேல்லை அம்மா" என்று சத்தியம் செய்த பிறகுதான் சோற்றில் கைவைத்தாள்.

அந்தச் சத்தியத்தை இப்போது உடைக்க வேண்டும். விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மா இருக்கும் ஹம் நகருக்கு ரயில் ஏறினாள். வழியெல்லாம் ஒரே யோசனை. பீரங்கி என்று தமிழில் சொன்னால் அம்மா உடைந்துபோவாள். ஜெர்மன் சொல்லைப் போட்டால் என்ன? டாக்டரிடமும் அலுவலகங்களிலும் சின்ன வயதிலிருந்து அம்மாவுக்கு மொழிபெயர்த்தவள் அவள்தான். எந்தச் சொல் அம்மாவுக்கு விளங்கும், எது விளங்காது என்பது அவளுக்கு அத்துப்படி.

முதியோர் இல்லத்துச் சமையலறை வேலை முடிந்து வந்த கையோடு அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தாள்.

"மோனா எப்பிடி இருக்கு?"

"பண்ணைக்குக் குடுத்திட்டினம் அம்மா. எங்கட பிரிவை மாத்தியாச்சு. நான் இனிக் கொம்பியூட்டரில கணக்குப் பாக்கிறது."

"நல்லதுதானே! சாணி அள்ளித் திரியத் தேவையில்லை. என்ன பிரிவு?"

"ஆர்ட்டிலெரீ" என்றாள் தேனுஜா, ஏதோ தபால் நிலையத்தின் பெயரைச் சொல்வதுபோல.

அம்மாவின் கை நின்றது.

"ஆட்லறியோ?"

தேனுஜா திகைத்துப்போனாள். அது ஜெர்மன் சொல் என்று நினைத்தது அவள் பிழை. போர் நடந்த அம்மாவின் இலங்கை ஊரில் பேச்சுப் பழகும் குழந்தைக்கே தெரிந்த சொல் அது. தேனுஜா பிறப்பதற்கு முன்பே செத்துப்போன அக்கா துளசிக்கும் தெரிந்திருக்கும். வன்னியில், இடம்பெயர்ந்த சனத்தோடு அவள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் மேல் ஆட்லறிக் குண்டு விழுந்தது. சுவரில் அவள் படம் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பேசாததால்தான் அந்தச் சொல் தேனுஜாவின் காதில் ஒருநாளும் விழவில்லை.

"நான் சுடுறேல்லை அம்மா. கணக்கு மட்டுந்தான்."

"எங்க விழவேணும் எண்ட கணக்கோ?"

"ஓம்."

"அப்ப நீதான்."

அம்மா அடுப்பை அணைத்தாள். கோபப்பட்டிருந்தால் தேனுஜாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"விழுற இடத்தில ஆர் இருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"இப்ப முந்தின மாதிரி இல்லை அம்மா. மேல ட்ரோன் பறந்து காட்டும். பாத்துப்போட்டுத்தான் அடிக்கிறது."

"எங்களுக்கு மேலயும் ஒண்டு சுத்தினது. வண்டு எண்டு சொல்லுவம். அவையும் பாத்துப்போட்டுத்தான் அடிச்சவை."

அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

"வேற வேலை கேக்க ஏலாதோ பிள்ளை?"

ஏலாது என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஆனால் லாரா கேட்டிருந்தாள்; அவளைச் சாமான் களஞ்சியத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். தேனுஜா கேட்கவில்லை. பீரங்கிக் கணக்குத் தேர்வில் அவள்தான் முதலாவதாக வந்திருந்தாள். தளபதி எல்லோர் முன்னாலும் கைகொடுத்த அந்த நிமிடம் அவளுக்குப் பிடித்திருந்தது.

"ஏலும் அம்மா. நான்தான் கேக்கேல்லை." என்றாள் தேனுஜா. "சண்டை இங்க வந்தா ஆரும் தடுக்கத்தானே வேணும்? உங்களை ஏத்துக்கொண்ட நாடு இது."

அம்மா புட்டை அடுப்பிலிருந்து இறக்கினாள்.

"நீ சொல்லுறது சரியாத்தான் இருக்கும். எனக்குச் சரி பிழை தெரியேல்லை. எனக்குச் சத்தந்தான் கேக்குது."

புட்டைத் தட்டில் போட்டு மகளின் முன்னால் வைத்தாள். தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் வழியனுப்ப அம்மா ரயில் நிலையத்துக்கு வந்தாள். வரமாட்டாள் என்றுதான் தேனுஜா நினைத்திருந்தாள். மேடையில் இருவரும் நின்றபோது, சாமான் பையோடு கஜந்தி எதிர்ப்பட்டாள். தமிழ்க்கடை நடத்துகிறவள், வாய் சும்மா இருக்காது.

"பிறேமா அக்கா, மகளோ இது? ஆமி எண்டு கேள்விப்பட்டன். சுடுற துவக்கோட எல்லாம் திரியிறவாவோ? எனக்கெண்டா பயம் அப்பா!"

தேனுஜா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீ, துவக்கில்லை," என்றாள் அம்மா. "இவ குதிரை பாக்கிறவ. மலையில சனத்துக்குச் சாப்பாடு, மருந்து எல்லாம் அந்தக் குதிரைதான் கொண்டுபோறது."

"அட, புண்ணியமான வேலை! படம் கிடம் இருக்கோ, பிள்ளை?"

தேனுஜா போனை எடுத்தாள். பனியில் நிற்கும் குதிரை. பக்கத்தில் சிரிக்கும் அவள்.

"எவ்வளவு வடிவு! பேர் என்ன?"

ரயில் வந்து நின்றது.

"மோனா," என்றாள் அம்மா.