வீடியோவுக்கு ஓடிய தண்ணீர்

வேங்கிக்காலில் சோலார் கம்பெனிக்காரர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் மின்விசிறி நன்றாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் உண்ணாமலைக்கு வியர்த்தது. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்து ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பது அவளுக்குப் புதிதல்ல. பயிர்க் கொல்லையில் சோலார் மோட்டார் நின்றுபோன நாளிலிருந்து நடையாய் நடக்கிறாள்.

"பாக்ஸ் மேல நம்பர் ஒட்டியிருந்தோமே, அது எங்கக்கா?" என்றான் விமல்ராஜ். சோலார் தகடுகளைப் பொருத்த வந்தவனும் அவன்தான். பழுதென்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறவனும் அவன்தான்.

"ஆயுத பூஜைக்கு ஈரத்துணியால நல்லா தேச்சித் தொடச்சேன் சார். மஞ்சா, குங்குமம் வெச்சேன். அது ஊறி உரிஞ்சி வந்துட்டுச்சி. இன்னா பேப்பரோன்னு இருந்துட்டேன்."

கொல்லையில் உழைக்கிற எதையும் அன்றைக்குக் குளிப்பாட்டிப் பொட்டு வைக்காமல் அவள் விட்டதில்லை. மண்வெட்டிக்கு உண்டு, அருவாளுக்கு உண்டு. புதிதாக வந்த சோலார் மோட்டாரின் கன்ட்ரோலர் பெட்டிக்குத்தான் அந்த வருஷம் முதல் பொட்டு. ஆசையாகத்தான் வைத்தாள். இப்போது பழுதாகி மோட்டாரை நிறுத்திவிட்டதும் அந்தப் பெட்டிதான்.

"அந்த நம்பர் இல்லாம கம்பெனி புது பாக்ஸ் அனுப்பாது. கம்ப்யூட்டர் எடுத்துக்காதுக்கா."

"அப்ப எங்க ஊர் மெக்கானிக்க உட்டுத் தொறந்து பாக்கட்டுமா?"

"சீலை ஒடைச்சா இருக்கிற கேரண்டியும் போயிடும். நானும் மேல எழுதிப் போட்டுக்கினுதான் இருக்கேன். வேற இன்னா பண்ண முடியும், நீங்களே சொல்லுங்க."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது. திட்டித் தீர்க்கக்கூட ஓர் ஆள் கிடைக்கவில்லை.

கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விழுது இறக்கும் நேரம். பூவிலிருந்து கிளம்பும் விழுது ஈர மண்ணுக்குள் இறங்கினால்தான் காய் பிடிக்கும். இப்போது மண் கட்டாந்தரையாகக் கிடந்தது. கிணற்றில் தண்ணீருக்குக் குறைவில்லை, மேலே ஏற்றத்தான் வழியில்லை. சோலார் வந்ததும் பழைய ஆயில் இன்ஜினை உள்ளூர் சுப்பனுக்கு விற்றாகிவிட்டது. "வெயிலு இருக்கிற வரைக்கும் நமக்கு டீசல் எதுக்கு" என்று அவள் புருஷன் காசி சொன்னான், அவளும் தலையாட்டினாள். சுப்பன் அதை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறான். கேட்டதற்கு, பெரிய கொல்லைக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றான். புருஷனும் பெண்டாட்டியும் குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். ஊற்றிய ஈரம் அடுத்த குடம் வருவதற்குள் காய்ந்தது.

எழுந்தவளை விமல்ராஜ் நிறுத்தினான். "அக்கா, வெள்ளிக்கெழமை உங்க கொல்லையில வீடியோ எடுக்கறாங்க. சோலாரால முன்னுக்கு வந்த விவசாயின்னு உங்க பேரைத்தான் குடுத்திருக்கேன்."

"மோட்டாரே ஓடலையே சார்."

"ஆயில் இன்ஜின் ஒண்ணு வாடகைக்குச் சொல்லியிருக்கேன். கெணத்துக்கு அந்தாண்ட மறைவா வெச்சி, உங்க பைப்புலயே சேத்துடுவோம். சத்தத்தை எடுத்துட்டுப் பாட்டு போட்டுக்குவாங்க. நீங்க நல்லா பேசிட்டீங்கன்னா, அதைக் காட்டியே மேல பாக்ஸ் கேக்கறேன்."

உண்ணாமலை பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தண்ணி எவ்ளோ நேரம் ஓடும்?"

வெள்ளிக்கிழமை டெம்போவிலிருந்து இறங்கியது அவளுடைய இன்ஜின்தான். சுப்பன் புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தான். டேங்க் மூடி தொலைந்தபோது காசி வெட்டிப் பொருத்திய பால் டப்பா மூடி மட்டும் அப்படியே இருந்தது.

"அடுத்த வாரம்னு சொன்னியே சுப்பா."

"கம்பெனிக்காரங்க கேக்கும்போது இல்லன்னு சொல்ல முடியுமாக்கா" என்றான் அவன், முகத்தைப் பார்க்காமல்.

ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். இன்ஜின் இருமிவிட்டு அடங்கியது. உண்ணாமலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "குடு இப்டி" என்றாள். அதன் முரண்டு அவளுக்குப் பழக்கம்தான். கொஞ்சம் பின்னுக்கு வாங்கி ஒரே மூச்சில் சுற்றியதும் கரும்புகை கக்கிக்கொண்டு பிடித்துவிட்டது. பழைய ஞாபகத்தில் ஹேண்டிலைக் கழற்றி வரப்போரத்து வேப்பமரக் கவட்டையில் செருகினாள்.

குழாயில் தண்ணீர் பொங்கி விழுந்தது. வாய்க்காலில் அது நுரையோடு ஓடுவதைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காசி மண்வெட்டியோடு முதல் பாத்திக்கு ஓடினான்.

"அக்கா, தகட்டுப் பக்கத்துல வந்து நில்லுங்க. சிரிச்ச மாதிரி சொல்லுங்க" என்று விமல்ராஜ் கூப்பிட்டான்.

"இப்ப எங்களுக்கு டீசல் செலவு இல்ல" என்று அவன் சொல்லிக்கொடுத்தபடி ஆரம்பித்தாள். "தண்ணிக்கு..." கண் தானாக வாய்க்கால் பக்கம் போனது.

"கேமராவைப் பாருங்கக்கா. மறுபடியும்."

மறுபடியும் ஆரம்பித்தாள். அதற்குள் காசி இரண்டாவது பாத்திக்கு மடை மாற்றிவிட்டிருந்தான். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவள் பேசி முடிக்கிற வரைக்கும் இன்ஜினை நிறுத்தமாட்டார்கள். அடுத்த தடவை செலவு என்ற இடத்தில் நின்றாள். அதற்கடுத்த தடவை இருமினாள். தாகமாயிருக்கிறது என்று சொல்லித் தண்ணீர் வாங்கி, மெதுவாக, சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். தூரத்தில் காசிக்கும் புரிந்துவிட்டது போலிருந்தது. அவன் நிமிராமல் வெட்டினான்.

"பரவால்ல, இருக்கிறதை வெட்டி ஒட்டிக்கலாம்" என்றார் கேமராக்காரர்.

விமல்ராஜ் கையைத் தூக்கிக் காட்டினான். சுப்பன் இன்ஜினை அணைத்தான்.

எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றினார்கள். போகும்போது விமல்ராஜ், "கண்டிப்பா கேட்டுப் பாக்கறேன்கா" என்றான். உண்ணாமலை தலையாட்டினாள். படத்துக்காகத் துடைத்த தகடுகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன.

வரப்பு முனையில் டெம்போ நின்றது. சுப்பன் இறங்கி ஓடிவந்தான்.

"அக்கா, ஹேண்டிலு."

கவட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது பாத்தியில் பாதி தூரம் போன தண்ணீர் நின்ற இடத்திலேயே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நாலாவது பாத்திக்கு மடையைத் திறந்து வைத்துவிட்டு, காசி இன்னும் குனிந்தபடியே நின்றான்.