முதல் தட்டில் சூடம்

தண்டாயுதபாணி சூடம் கொளுத்திய இடம் லாரியாக இருந்திருந்தால் ஒரு பொல்லாப்பும் வந்திருக்காது.

நாமக்கல் திருச்சி ரோட்டில், அவருடைய அப்பா காலத்திலிருந்து நடக்கும் லாரி பாடி கட்டும் பட்டறையில் அதுதான் முறை. வேலை முடிந்த வண்டியின் பம்பரில் ஒரு வெற்றிலை, வெற்றிலைமேல் கட்டிச் சூடம், ஒரு தீக்குச்சி. இரும்பு இதையெல்லாம் லட்சியம் செய்யாது. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவர் வெற்றிலையை வைத்தது பம்பரில் அல்ல, ஓர் இசைத்தட்டின்மேல். புத்தம் புதிய, கறுப்பு, பன்னிரண்டு அங்குலத் தட்டு. வெற்றிலை சுருண்டது. சூடம் நழுவியது. பிளாஸ்டிக் உருகும் என்பதை நாற்பத்தாறு வயதில் அவர் நேருக்கு நேர் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

பதறிப்போய் வாயால் ஊதி அணைத்தார். சாமிக்கு ஏற்றிய சூடத்தை ஊதி அணைக்கக் கூடாது என்பது ஊதி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

பட்டறையின் முன்னறையில் ரெக்கார்டு கடை வைத்து நாலு வருஷம் ஆகிறது. முட்டைக்கும் லாரிக்கும் பேர்போன ஊரில் இசைத்தட்டு விற்கக் கிளம்பியவரை ஊர் அடிக்கவில்லை, அவ்வளவுதான். முதல் வருஷம் உள்ளே வந்தவர்களில் பாதிப் பேர் பஞ்சர் ஒட்டுவீர்களா என்று கேட்டு வந்தவர்கள். இப்போது நிலையாகப் பதினாலு வாடிக்கையாளர்கள். நமக்கு இதுவே ஜாஸ்தி என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தக் கடையில் மறுநாள், சனிக்கிழமை, முதன்முதலாக ஒரு புது ஆல்பம் வெளியாக இருந்தது. மற்ற தட்டுகளெல்லாம் எங்கெங்கோ வெளியாகி, பல ஊர் பார்த்து, களைத்துப்போய் இங்கே வந்து சேர்பவை. இது அப்படியல்ல. பாடியவள் இலக்கியா, ராசிபுரத்துப் பெண், இருபத்தேழு வயது. எழுதி, மெட்டுப் போட்டு, பாடி, ‘உள்ள எடம் இருக்குது’ என்று டவுன் பஸ் கண்டக்டர் மாதிரி அதற்குப் பேர் வைத்தவளும் அவளே. நூறு தட்டுகள். புதன்கிழமை மும்பையிலிருந்து பெட்டி வந்து இறங்கியதும், முதல் தட்டின் நடு லேபிளில் வெள்ளை மையால் ‘1’ என்று போட்டு, ‘இது எனக்கு, யாரும் தொடாதீங்க’ என்று எழுதினாள்.

“நான் திரும்பி வந்து, நானே முள்ளு வெச்சுக் கேப்பேனுங்கண்ணா. அது வரைக்கும் நீங்க கூடத் தொடக் கூடாது.”

“நான் எதுக்குக் கண்ணு தொடறேன்?” என்றார் தண்டாயுதபாணி.

வியாழக்கிழமை அவள் சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். கழுத்தில் தைராய்டு கட்டி. எடுத்தே ஆக வேண்டும். குரலுக்குப் போகிற நரம்பு அந்தக் கட்டியை ஒட்டித்தான் போகிறது, சேதாரமில்லாமல் எடுக்கப் பார்க்கிறோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு.

சரியாக அந்த நேரத்துக்குத்தான், அந்தக் குரல் நல்லபடியாக மீண்டு வரட்டும் என்று, அந்தக் குரல் இருந்த, ‘1’ என்று எழுதிய தட்டுக்குத் தண்டாயுதபாணி சூடம் ஏற்றினார்.

புகை வாசனை பிடித்துக்கொண்டு பட்டறை மேஸ்திரி மருதாசலம் வந்தார். தட்டைத் தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடி, லாரிக் கதவுக்குப் பார்ப்பதுபோல மட்டம் பார்த்தார்.

“நெளிஞ்சிருக்குது சாமி.”

“தெரியுதுங்க.”

“டிங்கரிங் பண்ணிக்கலாம். லேசா சூடு காட்டி, அடியில சுத்தியல்ல ரெண்டு தட்டு...”

“ஐயோ, கையை எடுங்க!”

“மேல ஒரு கோட்டு பெயிண்ட்டு அடிச்சுட்டா அந்தப் புள்ளைக்குத் தெரியவா போவுது?”

வேறு நாளாக இருந்தால் தண்டாயுதபாணி இதைப் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. மருதாசலம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

“எந்தப் பாட்டுல பட்டிருக்குது?”

அதை அவர் கேட்டிருக்கக் கூடாது. கேட்ட பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. தண்டாயுதபாணி தட்டைச் சுழலவிட்டு முள்ளை வைத்தார். முதல் பாட்டு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் இலக்கியாவின் குரல் படிப்படியாக மேலே ஏறியது. டக். முள் எகிறிப் பின்னால் விழுந்தது. குரல் மறுபடி ஏறியது. டக். மறுபடி ஏறியது. டக்.

இரண்டாம் எண் தட்டைப் பிரித்துப் போட்டுக் கேட்டார். அதே இடத்தில் குரல் உச்சிக்குப் போய் நின்றது. இறங்க மனமில்லாமல் அங்கேயே நின்றது. அறை முழுக்க அது ஒன்றுதான் இருந்தது. ஆக, தட்டில் நூறு இடம் இருக்க, அவர் தேடிப்பிடித்துச் சூடம் வைத்தது இந்த இடத்தில்.

“நான் எதையும் பாக்கலீங்க சாமி,” என்று சொல்லிவிட்டு மருதாசலம் பட்டறைக்குள் போய்விட்டார். முப்பது வருஷம் வெல்டிங் தீக்கு முன்னால் உட்கார்ந்த மனிதர், அவருக்கே இதைப் பார்க்கத் தைரியம் இல்லை.

பதினொன்றரைக்கு, ஆஸ்பத்திரியில் இருந்த இலக்கியாவின் அக்கா பிரபாவுக்கு போன் போட்டார்.

“ஆச்சுங்கண்ணா.”

“என்ன ஆச்சு?”

“ஆப்பரேசன் ஆச்சுங்க.”

“அது சரி சாமி. கொரலு?”

“கண்ணு முழிச்சுட்டாளுங்க.”

“பேசுனாளா?”

“டாக்டரு வாராருங்கண்ணா, வெச்சர்றேன்.”

மூன்று மணிக்குக் கேட்டபோது, ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். ஆறு மணிக்கு, “எல்லாம் நல்லபடியாத்தானுங்க இருக்குது. நீங்க சாப்ட்டீங்களா?” என்றாள். குரலைப் பற்றிக் கேட்டால் சோற்றைப் பற்றிக் கேட்கிறாள் என்றால் என்ன அர்த்தம் என்று தண்டாயுதபாணி யோசித்தார். யோசிக்காமல் இருக்கவும் முயன்றார். இரண்டும் சரியாக வரவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வெளியீடு. பாவம் என்று மருதாசலம் வாசலில் மாவிலை கட்டியிருந்தார். பதினாலு பேரை எதிர்பார்த்த கடைக்கு நாற்பது பேர் வந்துவிட்டார்கள். முட்டை ஏஜென்சி தீனதயாளன் வீட்டில் பாட்டுப் பெட்டியே இல்லாமல் மூன்று தட்டு வாங்கினார். “பொட்டி அப்பறம் வாங்கிக்கலாமுங்க, தட்டு தீந்துரும்ல” என்றார். இரண்டாம் எண் தட்டு சுழன்றது. மூன்றாவது பாட்டில் குரல் ஏற ஆரம்பித்ததும் தண்டாயுதபாணி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், டக் என்று கேட்டுவிடுமோ என்று. கேட்கவில்லை. குரல் உச்சியில் நின்றபோது நாற்பது பேரும் மூச்சு விடவில்லை.

“அந்தப் புள்ள எங்கீங்க?” என்றார் தீனதயாளன்.

“வருமுங்க.”

“எப்பொ?”

“சீக்கிரமுங்க.”

“ஒடம்புக்கு ஏதாச்சும்...”

“நீங்க காப்பி சாப்ட்டீங்களா?”

பிரபா எதற்காகச் சோற்றைப் பற்றிக் கேட்டாள் என்பது அதே மாதிரிக் கேள்வி தன் வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு, ஒன்றாம் எண் தட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு சேலம் பஸ் ஏறினார். “உள்ள எடம் இருக்குது, உள்ள போங்க!” என்று கண்டக்டர் கத்தினார். தண்டாயுதபாணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உள்ளே இடமிருந்தும் படிப் பக்கமே நின்றார். வழியெல்லாம் ஒப்புக்கொள்ளாமல் தப்பிக்க ஏழெட்டுப் பொய்கள் தயார் செய்தார். பெட்டி வெயிலில் இருந்தது. எலி தள்ளிவிட்டது. மருதாசலம் உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பொய் மட்டும் கொஞ்சம் நம்பும்படி இருந்தது.

ஆஸ்பத்திரி அறை வாசலிலேயே பிரபா மறித்தாள். “இப்பத்தானுங்கண்ணா தூங்குனா.” அவளுக்குப் பின்னால் இலக்கியா கழுத்தில் கட்டோடு, கண்ணைத் திறந்துகொண்டு, இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கையாட்டி உள்ளே கூப்பிட்டாள்.

ஏழெட்டுப் பொய்களில் ஒன்றும் வாயில் வரவில்லை. தட்டை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, “சூடம் வெச்சேன் சாமி,” என்றார். “உனக்கு நல்லாகோணும்னு வெச்சேன். உருகிப்போச்சு. மூணாவது பாட்டுல, நீ மேல போற எடத்துல. அப்பறம் வாயால வேற ஊதிட்டேன்.”

இலக்கியா தட்டில் உருகி எழுந்த கொப்புளத்தின்மேல் விரல் வைத்துப் பார்த்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று அவர் பதறினார். முகத்தைப் பார்த்தார்: சிரிக்கிறாள். வாய் நிறையச் சிரிக்கிறாள், சத்தம்தான் வரவில்லை. பட்டறையில் கிரைண்டிங் மிஷின் ஓடும்போதே அதை மீறிக் கேட்கிற சிரிப்பு அது. தண்டாயுதபாணி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“பாட்டு திரும்பி வருமா கண்ணு?”

“எல்லாம் நல்லபடியா...” என்று பிரபா ஆரம்பித்தாள். “நீங்க ஒக்காருங்கண்ணா, ஏதாச்சும் குடிக்கறீங்க...”

இலக்கியா கையைத் தூக்கி அக்காவை நிறுத்தினாள். அவரைப் பக்கத்தில் வரச் சொன்னாள். சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. அதுதான் அவள் குரல் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“தெரியாதுங்கண்ணா,” என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். “நரம்பு அறுபடல. அசந்து கெடக்குதாம். ஆறு மாசம் பாக்கோணும்னாங்க. வந்தாலும் வரும். வராமயே போனாலும் போவும். எனக்குப் பயமா இருக்குதுங்க. உங்க சூடத்தால ஒண்ணும் இல்ல.” மடியிலிருந்த தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “இது இங்கயே இருக்கட்டும். என்னுது.”