மீரிமின் மெத்தை

என் தம்பி ரிஸ்பெக் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்ட அந்த இலையுதிர் காலத்தில்தான் அவன் மகள் மீரிம் மறுபடி படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். ஏழு வயதுப் பெண். அந்தப் பழக்கம் அவளை விட்டுப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. என் வீடும் அவர்கள் வீடும் ஒரே முற்றத்தில் இருப்பதால், காலையில் வேலியில் மெத்தை ஏறினால் முதலில் என் கண்ணில்தான் படும். அடுத்தது எதிர்வீட்டு ஷைலோகுல் கண்ணில். அவள் பார்த்தால் எங்கள் நாரின் ஊரே பார்த்த மாதிரி.

"என்ன அனார்குல், உங்க வீட்ல கூரைக்கு உள்ளாறயே மழை பெய்யுதா?"

"ஆமாடி. உன் வாயை நனைக்க மட்டும் ஒரு சொட்டு மிச்சமில்ல."

தம்பியின் புது மனைவி ஜிபெக் ஒரு வார்த்தை பேசமாட்டாள். விரிப்பை அலசிப் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். மீரிம் கதவுக்குப் பின்னால் நின்று பள்ளிப் பையின் வாரைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

குளிர் இறங்கியதும் மெத்தை காயவில்லை, உறைந்தது. ரிஸ்பெக் அதை வேலியிலிருந்து எடுத்து வந்து தரையில் வைத்தால், பலகை போல் தானாகவே நின்றது. நான் சிரித்தேன். குழந்தை சிரிக்கவில்லை.

ஷைலோகுல் வைத்தியமும் சொன்னாள். "செங்கல்லை அடுப்புல சுட வெச்சு, அதுமேல உக்கார வை. ஒரே நாள்ல நின்னுடும்."

"உக்கார்றதே நின்னுடும் அக்கா" என்றாள் ஜிபெக். இவளுக்குப் பேச வரும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மருத்துவமனைக்குப் போனோம். சோதனைகளில் ஒரு கோளாறும் இல்லை. டாக்டரம்மா கேட்டார்: "நடுவுல நல்லாதானே இருந்தா? சமீபத்துல வீட்ல ஏதாவது மாறிச்சா?"

"ஒண்ணுமே மாறல டாக்டர்" என்றான் என் தம்பி. "நான் ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டேன், அவ்வளவுதான்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "குழந்தையைத் திட்டாதீங்க. மனசுக்குள்ள என்னமோ பயம் இருக்கு. அது தெரிஞ்சா பாதி சரியாயிடும்."

திட்டாமல் இருக்க ரிஸ்பெக்குக்கு ஒரு வாரம்தான் முடிந்தது. ஒரு சாயங்காலம் எல்லோரும் தேநீருக்கு உட்கார்ந்திருந்தோம். மீரிம் இரண்டாவது கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். "போதும், நாளைக்கும் மெத்தையைத் தூக்கணுமா? இவ்வளவு பெரிய பொண்ணு, வெக்கமா இல்ல?" என்றான்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "வெக்கத்தைப் பத்தி நீ பேசறியா? மூணாங்கிளாஸ் வரைக்கும் நனைச்சவன் நீ! மேய்ச்சல் மலைக்குப் போனப்ப சித்தப்பா பக்கத்துல படுத்தியே, ஞாபகம் இருக்கா? பாவம் மனுஷன், கூடாரம் ஒழுகுதுன்னு வெளிய ஓடி, கயித்தையெல்லாம் இழுத்துக் கட்டிட்டு வந்தாரு. அன்னிக்கு வானத்துல ஒரு மேகம் கிடையாது!"

ரிஸ்பெக் காது வரை சிவந்தான். ஜிபெக் தேநீரைத் துப்பிவிட்டாள். மீரிம் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று அழுதாள். அழுகைக்கு நடுவே ஜிபெக்கிடம் கேட்டாள்: "நீங்க எப்போ போவீங்க?"

"எங்க போறேன்?"

"உங்க பெட்டி கட்டிலுக்கு அடியில கட்டினபடியே இருக்கே. அம்மாவும் அப்படித்தான் வெச்சிருந்தாங்க. ஒருநாள் எழுந்து பார்த்தா பெட்டியும் இல்ல, அம்மாவும் இல்ல."

அவள் அம்மா மாஸ்கோவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவள். ஜிபெக்கின் பெட்டி திறக்கப்படாததற்குக் காரணம் என் தம்பியின் சோம்பேறித்தனம். அலமாரி வாங்கித் தருகிறேன் என்று கல்யாண நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜிபெக் எழுந்து போனாள். பெட்டியை இழுத்துவந்து நடுவீட்டில் திறந்து, "வா, எதை எங்க வைக்கலாம்னு நீயே சொல்லு" என்றாள். அன்றைக்கு வீடு சந்தைக்கடை ஆனது. நாற்காலியில் பாவாடை, ஆணியில் சால்வை, ஜன்னல்படியில் சீப்பும் கண்ணாடியும். கம்பளிக் காலுறைகளை மீரிம் தன் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொண்டாள். மறுநாள் ரிஸ்பெக் காரின் தலையில் ஓர் அலமாரியைக் கட்டிக்கொண்டு வந்தான். அது வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்ற வேண்டியதாயிற்று.

அதோடு எல்லாம் நின்றுவிடவில்லை. ஆனால் மெத்தை வேலிக்கு வரும் நாட்கள் குறைந்தன. பனி உருகும் காலம் வந்தபோது, மாஸ்கோவிலிருந்து அம்மா போன் பேசிய மறுநாள் மட்டும் சில சமயம் நனையும். போனை நிறுத்திவிடலாமா என்று ரிஸ்பெக் கேட்டான். "பேசட்டும். அவளோட அம்மா. துவைக்கிறது நான்தானே?" என்றாள் ஜிபெக்.

கோடையில் வகுப்போடு ஏரிக்கரைக்கு முகாம் போனாள் மீரிம். கூடாரத்தில்தான் படுக்கை. போகிற வரைக்கும் நாங்கள் மூவரும் மாற்றுத் துணியை அவள் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தோம். திரும்பி வந்தவள் வாசலிலேயே கத்தினாள்:

"நான் நனைக்கல! பக்கத்துல படுத்த பொண்ணுதான் நனைச்சிட்டா. நான் அதுமேல தேத்தண்ணியைக் கொட்டிட்டு, கை தவறிடுச்சுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன்."

"அடி கெட்டிக்காரி! யாருடி அந்தப் பொண்ணு?" என்றேன்.

"சொல்ல மாட்டேன் அத்தை. நீங்க ஷைலோகுல் அத்தைகிட்ட சொல்லிடுவீங்க."