துரைக்கு ஒரு மடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டு, நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் ஸ்டோர் கிளாக்கராக இருந்த அமிர்தநாதனுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவர் பார்த்தேயிராத நாடு அவரை ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தது. அவர் பிறந்த நாடு அவரை அனுப்பிவைக்க ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு ஸ்டோர் கிளாக்கரைப் பற்றி இரண்டு அரசாங்கங்கள் இத்தனை ஒற்றுமையாக யோசித்ததற்கு அவர் பெருமைப்பட்டிருக்கலாம். ஒன்றும் தோன்றவில்லை. மனைவி டோரீன் இறந்து இரண்டு வருடமாகிறது. அதிலிருந்தே அவருக்கு எதுவும் பெரிதாகத் தோன்றுவதில்லை. சங்கு ஊதினால் எழுந்தார், பசித்தால் சாப்பிட்டார்.

மூன்று வாரத்தில், ஒரு வியாழக்கிழமை, ஹட்டனில் கோச்சி ரயில் ஏற வேண்டும். அதற்குள் முடிக்க வேண்டிய காரியம் ஒன்றுதான்: டோரீனின் பூனைக்கு ஒரு வீடு பார்ப்பது. கப்பலில் பூனை ஏற்றமாட்டார்கள்.

சாம்பல் நிறக் கடுவன். துரை என்று பெயர் வைத்தவள் டோரீன். "வேலைவெட்டி கெடையாது, பால் மட்டும் வேணும், ஏறி ஒக்காந்தா எறங்காது. வேற என்னா பேரு வைக்கிறது?" என்பாள். முந்தின வருடம் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது பங்களாவிலிருந்த வெள்ளைக்காரத் துரை ஊருக்குப் போய்விட்டார். இந்தத் துரையை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், கேட்டுப் பார்த்தார். கொழுந்தெடுக்கும் ராக்காயி பூனையின் தாடையைப் பிடித்து, மாடு வாங்குகிறவளைப் போல வாயைத் திறந்து பார்த்தாள். அது கொட்டாவி விட்டது.

"எலி புடிக்குமாங்க ஐயா?"

"பாக்கும்."

"சும்மா நின்னு வேலைய பாக்கிறதுக்குத்தான் மலையில கண்டாக்கு ஐயா இருக்காரே! நமக்கு எதுக்குங்க இன்னொன்னு?" பூனையைத் திருப்பிக் கொடுத்தாள். "பேசாம கோணியில கட்டி ஆத்துக்கு அந்தாண்ட விட்ருங்க. போறவங்க எல்லாம் அப்படித்தான விட்டுட்டுப் போறாங்க."

உண்மைதான். இந்தியாவுக்குப் போனவர்களின் நாய்களும் பூனைகளும் ஆற்றின் அக்கரையில் தனியாக ஒரு தோட்டமே நடத்திக்கொண்டிருந்தன. ஆனால் அவை பிழைக்கத் தெரிந்தவை. துரையோ தட்டில் வைக்காத எதையும் உணவென்று அறியாதது.

அப்போதுதான் அவருக்கு நடைபாதை நினைவுக்கு வந்தது.

தோட்டத்தின் மேல்மலை வழியாக உச்சி மேட்டுக்கு ஏறி, மறுபக்கம் பொகவந்தலாவை றோட்டில் இறங்கும் பாதை. ஒரு காலத்தில் கொழுந்துக்காரர்களும் அட்டைகளும் மட்டுமே அதில் போனார்கள். பிறை பார்த்து விட்ட போயா விடுமுறை ஒழிந்து மறுபடி சனி, ஞாயிறு விடுமுறை வந்த பிறகு, டவுன் பள்ளிக்கூட வாத்தியார்கள் இரண்டு பேர் முதுகில் பை கட்டிக்கொண்டு ஏறினார்கள். தனிமையைக் கண்டதாகப் பத்திரிகையில் எழுதினார்கள். அடுத்த சனிக்கிழமை தனிமையைக் காண நாற்பது பேர் வந்தார்கள். இப்போது கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வேன் பிடித்து வருகிறார்கள். லயத்துப் பழனியாண்டி ஆளுயரத் தேயிலைக்கு நடுவில் மரவள்ளி வடை சுடுகிறான். முதுகில் சுமை கட்டி அந்த மலையில் ஏறுவதற்குச் சம்பளம் போதாது என்று லயத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. இவர்கள் சும்மாவே சுமந்தார்கள்.

இத்தனை பேரில் ஒருவருக்கா பூனை வேண்டியிராது? அமிர்தநாதன் மாவு மூட்டைத் துணியில் ஒரு பை தைத்து, துரையை உள்ளே வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, மார்பில் கட்டிக்கொண்டு போனார்.

முதல் சனிக்கிழமை எல்லோரும் தடவிக் கொடுத்தார்கள். மூன்று பேர் படம் பிடித்தார்கள்.

இரண்டாம் சனிக்கிழமை மலைநாட்டு இயற்கை நேசர் நடைக் கழகத்தின் தலைவர் கணேசமூர்த்தியைப் பிடித்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவருடைய பையை வேறொருவர் சுமந்துவந்தார். மேட்டில் ஒரு கல்லின் மேல் நின்று ஜீவகாருண்யம் பற்றி அரைமணி நேரம் பேசி முடித்திருந்தார்.

"சேர், நான் வர்ற வியாழனுக்கு அடுத்த வியாழன் போறேன். இத நீங்க வச்சிக்குவீங்களா? தொந்தரவு பண்ணாதுங்க."

கணேசமூர்த்தி பூனையைப் பார்த்தார். பூனை அவருடைய பேச்சின்போது தூங்கியதைப் போலவே இப்போதும் தூங்கியது.

"கொள்கை அளவுல கழகம் இத ஏத்துக்கும் மிஸ்டர் அமிர்தநாதன். தனிப்பட்ட முறையில, எங்க வீட்ல சோபா புதுசு. மூணு பேர் கொண்ட ஒரு குழு போடுவோம். அடுத்த மாசம் அறிக்கை குடுப்பாங்க."

"அடுத்த மாசம் நான் இருக்கமாட்டேங்க."

"அதனால என்ன? அறிக்கை இருக்கும்."

கடைசிச் சனிக்கிழமை பாதையில் கால் வைக்க இடமில்லை. ஓடையைத் தாண்டும் ஒற்றைப் பலகையில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நின்றார்கள். வரிசை அரிசிக்கடை வரிசை போல வளைந்து கிடந்தது. முன்னால் நின்ற பெண்ணொருத்தி திரும்பி, "ஐயோ, பாவமே! கொஞ்சம் தூக்கிப் பாக்கட்டுமா?" என்றாள். கொடுத்தார். அவள் தன் தங்கையிடம் கொடுத்தாள். தங்கை முன்னால் நின்றவரிடம் கொடுத்தாள். யார் தூக்கினாலும் துரை அவர் தோளில் மோவாயை வைத்துக்கொண்டது. எந்த மனிதரையும் அது வேறுபடுத்திப் பார்த்ததில்லை. கணேசமூர்த்தி அரைமணி நேரம் பேசி வேண்டிக்கொண்டது அதற்கு இயல்பாகவே வந்திருந்தது. இப்படியே கைமாறிக் கைமாறிப் பலகையைத் தாண்டி, வளைவில் மறைந்தது.

"அம்மா, பூனை எங்கங்க?"

"முன்னால போகுதுங்க. பயப்படாதீங்க, எல்லாரும் நல்ல ஆளுங்கதான்."

வரிசை நகர முக்கால் மணி நேரமாயிற்று. மேட்டில் விசாரித்தார். யாரோ ஒரு கிழவனார் வைத்திருந்தார் என்றார்கள், பிக்குணி ஒருவர் என்றார்கள். பழனியாண்டி மட்டும் வடைச் சட்டியிலிருந்து தலை நிமிர்ந்தான். "ஒரு சிங்கள அம்மா கொண்டு போச்சுங்க. மத்தப் பக்கம் எறங்குச்சு. மூணு மணி பஸ்ஸுக்குப் போவுதுபோல."

அமிர்தநாதன் இறங்கினார். ஐம்பத்து மூன்று வயதில் ஓடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். வீடு கிடைத்துவிட்டதே, பிறகு எதற்கு ஓடுகிறோம் என்று பாதி வழியில் தன்னையே கேட்டார். கால்கள் நிற்கவில்லை.

பஸ் புறப்படும் நிலையில் நின்றது. மூன்றாவது ஜன்னலில் நரைத்த தலையுடன் ஒரு பெண் இருந்தாள். மடியில் கூடை, கூடைமேல் துண்டு, துண்டின்மேல் துரை. முன்கால்களை மடித்து மார்புக்கடியில் வைத்திருந்தது. டோரீனின் மடியில் அப்படித்தான் கிடக்கும். சீக்காகிப் படுத்திருந்த கடைசி மாதங்களில் அவள் வயிற்றின்மேலும் அப்படித்தான் கிடந்தது. அவள் இறந்த அன்று காலை தூக்க வந்தவர்கள் முதலில் பூனையைத் தூக்க வேண்டியிருந்தது.

அவர் ஜன்னலருகே மூச்சு வாங்க நிற்பதையும் மார்பில் தொங்கிய காலிப் பையையும் அந்தப் பெண் பார்த்தாள். துண்டைப் பூனையின் மேல் இழுத்துவிட்டபடி தயக்கத்துடன் கேட்டாள்.

"மாத்தயாகெத மே பூசா?"

உங்களுடையதா என்று கேட்கிறாள். ஆமென்றால் கொடுத்துவிடுவாள். முகத்தில் தெரிந்தது. கொடுத்தால் வியாழக்கிழமை வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கோணியும் ஆறும்தான்.

துரை ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. எலியைப் பார்ப்பது போலப் பார்த்தது. மறுபடி மூடிக்கொண்டது.

"நெஹ," என்றார் அமிர்தநாதன். "மகெ நெமெயி."

என்னுடையதல்ல. நல்ல சிங்களத்தில், தடுமாறாமல் சொன்னார். பாஸ்போர்ட் எடுக்கும்போது அதிகாரிகளிடம் தம் நாட்டைப் பற்றியும் ஏறக்குறைய இதையேதான் எழுதிக் கொடுத்திருந்தார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பெண் சிரித்தாள். பல் ஒன்று இல்லை. பஸ் புறப்பட்டது.

தோட்டத்துக்குத் திரும்ப வேறு வழியில்லை, அதே பாதைதான். ஏறினார். பாதி வழியில் நடைக் கழகத்தார் எதிரே இறங்கிக்கொண்டிருந்தார்கள். கணேசமூர்த்தி கையை உயர்த்தி, "ஏறுறவங்க எல்லாம் இடது பக்கம்! ஒழுங்கு வேணும், ஒழுங்கு!" என்று கத்தினார்.

அமிர்தநாதன் இடது பக்கம் ஒதுங்கி ஏறினார்.